இலுப்பைப் பூவுக்கு ஏங்கிய கரடி

இலுப்பைப் பூ உதிரத் தொடங்கியதும் காடே கமகமத்தது. எல்லாரும் ஓடையைத் தாண்டி மரத்தடிக்கு ஓட, முள்ளி என்ற கரடி மட்டும் இந்தக் கரையில் உட்கார்ந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

முள்ளிக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை இறங்கினால் ஒரு கைப்பிடிப் பூ தின்னலாம் என்று வைத்தியர் மரங்கொத்தி சொல்லியிருந்தது. அந்த ஒரு கைப்பிடிக்காகத் தேனை விட்டது, பலாவை விட்டது, கசப்பு இலையை மென்றது, விடியலில் மலையைச் சுற்றி நடந்தது. ஆனால் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது நிற்கவேயில்லை.

"நாளைக்கும் இங்கேதானே அக்கா?" என்று எறும்புகள் கேலி வேறு செய்தன.

தோழி முயலோ இப்போதெல்லாம் தள்ளியே உட்கார்ந்தது. ஏன் என்று கேட்டால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு பேச்சை மாற்றியது. முள்ளிக்கு மனசு வலித்தது. தன் வாய் நாறுவது அதற்குத் தெரியவில்லை.

சர்க்கரையும் இறங்கவில்லையே என்று வைத்தியரிடம் போய் அழுதது. வாயைத் திறக்கச் சொன்னது மரங்கொத்தி.

"வாயில என்ன இருக்கு? நோய் ரத்தத்துலதானே வைத்தியரே!"

"திற, பார்க்கலாம்."

ஈறெல்லாம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. வேப்பங்குச்சி பட்டதும் ரத்தம் வந்ததாம், பயந்து பல் தேய்ப்பதையே விட்டுவிட்டதாம். இனிப்பே தின்னாத வாய்க்கு என்ன வந்துவிடும் என்று இருந்துவிட்டதாம்.

"ஈறு புண்ணானா சர்க்கரை லேசில இறங்காது. சர்க்கரை இறங்கலைன்னா ஈறும் ஆறாது. ரெண்டும் கைகோத்துக்கிட்டு நிக்குது முள்ளி. ரத்தம் வந்த அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா?"

மரங்கொத்தி பல்லிடுக்கில் கல்லாய் இறுகியிருந்த காறையையெல்லாம் கொத்தி எடுத்தது. ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் ஒன்று அலகோடு வந்துவிட்டது. காலையும் இரவும் மெத்தென்று ஆகும்வரை மென்ற வேப்பங்குச்சியால் முள்ளி பதமாகத் தேய்த்தது. இலையையும் விடவில்லை, நடையையும் விடவில்லை.

பல வாரம் கழித்து ஒரு காலையில், அது சிறுநீர் கழித்த இடத்துக்கு எறும்பு ஒன்றுகூட வரவில்லை!

முள்ளி ஓடையைத் தாண்டி ஓடியது. மரத்தடி வெறிச்சோடிக் கிடந்தது. கிளையெல்லாம் காய். மண்ணில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. பழைய மணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

முயல் வந்து ஒட்டி உட்கார்ந்தது. "அடுத்த வருஷம் பூக்காமலா போயிடும்? உன் பல்லை மட்டும் பத்திரமா வச்சுக்க."

சர்க்கரை உள்ளவர்கள் நாவைக் கட்டினால் மட்டும் போதாது, பல்லையும் ஈறையும் தினமும் பேண வேண்டும்.