துண்டுக்குள் ஒரு கூட்டுச்சதி

நெடுமலைச் சீமையைக் கேசவ பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். கோபம் வந்தால் சட்டம் போடுவார், தணிந்தால் மறந்துவிடுவார். தளவாய் மல்லப்பரோ எதையும் மறக்காதவர். ஊருக்குப் பிடித்த சனியே அதுதான்.

ஒருநாள் அபின் கடத்தும் கும்பல் பிடிபட்டது. கூடவே பல்லக்குத் தூக்கி சன்னாசியையும் இழுத்து வந்தார்கள். தோள்வலி பொறுக்காமல், சந்தையில் அந்தக் கும்பல்காரன் ஒருவனிடம் சுண்டைக்காயளவு அபின் வாங்கியவன் அவன். அபின் வாங்கினால் பன்னிரண்டு கசையடி. கூட்டுச்சதி என்றால் யானைக்காலில் மிதிபட்டுச் சாவு.

"துண்டுக்குள் கைவிட்டு, மாட்டுத் தரகர் மாதிரி விரல் பிடித்து விலை பேசியிருக்கிறார்கள் மகாராஜா! சரக்குக் கைமாறக்கூட வேண்டாம். விலைக்கு இசைந்தாலே சதி!" என்றார் தளவாய்.

"அவன் யாரு, எந்தக் கும்பலுன்னே எனக்குத் தெரியாதுங்க சாமி!" என்று சன்னாசி கதறினான்.

ராஜா தலையாட்டத் தொடங்கிவிட்டார். சபை விகடர் அம்பலவாணருக்கு அது பொறுக்கவில்லை. வலிக்கு மருந்து தேடியவனுக்கு யானையா?

மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். "தளவாய் அவர்களே, இது அபின். நான் விற்கிறவன். விரல் பிடிப்பது எப்படியென்று சபைக்குக் காட்டுவோமா?"

அங்கவஸ்திரத்துக்குள் இரண்டு கைகளும் போயின. அம்பலவாணர் ஐந்து பணம் என்று ஐந்து விரலைப் பிடித்தார். தளவாய் படைக்கு முப்பது வருஷம் குதிரை வாங்கியவர். சும்மா இருக்குமா கை? இரண்டு என்றது. அம்பலவாணர் நான்கு என்றார். இழுபறி மும்முரமானதில் தளவாய்க்குச் சபையே மறந்துபோனது.

"மூன்று! முடிந்தது!" என்று கூவினார்.

"இசைந்துவிட்டார்! யானையைக் கூப்பிடுங்கள்!" என்றார் அம்பலவாணர். "மலைக்கு அந்தப்பக்கம் நான் ஒளித்திருக்கும் நூறு மூட்டைக்கும் தளவாய்தான் கூட்டாளி."

"அபாண்டம்! உம் மூட்டை எங்கே கிடந்தால் எனக்கென்ன? என் தேவைக்கு நான் வாங்கினேன். வாங்கினவனெல்லாம் கூட்டாளி என்றால் சந்தைக்குப் போன ஊரே சதிகாரர்கள்தானே!"

சொன்னது தம் காதிலேயே விழுந்ததும் தளவாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "கும்பலின் பாவம் கும்பலோடு. சன்னாசிக்கு யானை இல்லை, பன்னிரண்டு அடிதான். விகடரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அந்தப் பன்னிரண்டு அடியை வைத்தியர் வீட்டுத் தைலமாக மாற்றிக் கொடுங்கள் மகாராஜா."

"கொடுத்தோம்!"

வெளிறிப்போன தளவாய், "மகாராஜா, நானும் அபின் வாங்கிவிட்டேனே..." என்று இழுத்தார்.

அம்பலவாணர் பொட்டலத்தைப் பிரித்தார். சபையெங்கும் பெருங்காய வாசனை தூக்கியது.

தளவாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"பெருங்காயமா? முன்னமே சொல்லியிருந்தால் இரண்டுக்கே முடித்திருப்பேனே!"