நாலு லைன் போனும் இரண்டு கைப் பொரியும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு சொல் முன்னே பின்னே விழுந்தால் குருவின் பெயர் கெட்டுப்போகும்.

என் குருவுக்கு இருபத்தாறு வயது. பெயர் ஜெசிந்தா. தோளில் கருவிப் பையோடு வந்து போன் லைன் இழுத்துக் கொடுப்பவள்.

நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"இந்த வயர் கடிக்குமா, பிள்ள?"

"கடிக்கும்."

"எப்ப?"

"யாராவது கூப்பிடும்போது."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லையாம். தோல் சீவிய வயரை நாம் பிடித்திருக்கும் நேரத்தில் யாராவது போன் செய்தால், மணி அடிக்க வருகிற மின்சாரம் நம் விரலைச் சுண்டிவிடுமாம்.

"அப்ப யாரும் கூப்பிடாம இருக்க என்ன செய்யணும்?"

அவள் எழுந்து வெளியே போனாள். வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, தெருவிலிருந்து வரும் நாலு லைனையும் கழற்றி விட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

*

எங்கள் ஆபீஸ் தென்காசியில் ஒரு திருமணத் தகவல் நிலையம். பதினொரு வருடமாக நான் அங்கே ஜாதகங்களை ஃபைலில் அடுக்குகிறவள். முதலாளி காந்திமதிநாதன் அண்ணாச்சி. தும்முவதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பார்.

அவர் நாலு லைன் உள்ள புது போன் வாங்கினார். அதன் முன்னால் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். நான் உட்காரட்டுமா என்று கேட்டுவிட்டேன். எந்தத் தைரியத்தில் கேட்டேனோ, இன்றுவரை தெரியவில்லை.

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள முதல் மணி அடிச்சா நாற்காலி உனக்கு. அடிக்கலேன்னா, மச்சினன் மக தாரணி வருவா. டிகிரி படிச்சவ."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

வியாழக்கிழமை ஜெசிந்தா பாடம் நடத்தினாள். லைன் கொடுக்காத போனில்தான்.

"இந்தப் பொத்தானை அமுக்குனா ஒருத்தர் காத்திருப்பாரு. அடுத்ததை அமுக்குனா இன்னொருத்தர் பேசுவாரு. அமுக்குங்க, அக்கா."

விரலில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு அமுக்கினேன்.

"பாம்புக்கா பால் ஊத்துறீங்க?"

"உனக்கென்ன, பிள்ள. கடிச்சா எனக்குல்லா கடிக்கும்."

*

வெள்ளிக்கிழமை. ஐப்பசி மாதம். காலையிலேயே வானம் கறுத்திருந்தது.

பிள்ளையார் படத்துக்கு முன்னால் பொரியும் கடலையும் நாட்டுச் சர்க்கரையும் ஒரு தாம்பாளத்தில். புது போனுக்குச் சந்தனம், குங்குமம். எல்லாம் ஒன்பது மணிக்குள் முடிந்துவிட்டது. ஜெசிந்தா நாலு வயரையும் சுவரோரமாக, யார் காலிலும் படாமல் அடித்திருந்தாள். வெளிப்பெட்டியில் லைனைச் சேர்த்து, போனில் சொருக வேண்டியதுதான் பாக்கி.

நான் செம்பை எடுத்தேன். மஞ்சள் தண்ணீரில் மாவிலையைத் தோய்த்து, சுவரில் இருந்த லைன் சாக்கெட்டின் மேல் நன்றாகத் தெளித்தேன். புதுப் பொருள் என்றால் தெளிக்காமல் இருப்போமா?

இரண்டாவது தடவை ஓங்கும்போது ஜெசிந்தா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மற்றொரு கையால் போனைத் தூக்கி எட்ட வைத்தாள்.

"பொத்தானைத் தொட முந்தானை வேணும். இதுக்கு மட்டும் எங்கேயிருந்து வந்துச்சு இவ்வளவு தைரியம்?"

சாக்கெட்டைக் கழற்றித் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்தாள்.

"காயட்டும்."

ஒன்பதே கால். ஒன்பதரை. நான் சாக்கெட்டை வாயால் ஊதிக்கொண்டு நின்றேன்.

அது காய்ந்து மறுபடி சுவரில் ஏறியபோது மணி பத்தடிக்க ஐந்து நிமிஷம். ஜெசிந்தா வெளிப்பெட்டிக்குப் போக எழுந்தாள்.

மேற்கு மலைப் பக்கம் இடி இடித்தது.

அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். திருப்புளியைப் பைக்குள் போட்டாள்.

"என்னம்மா உட்கார்ந்துட்ட?" என்றார் அண்ணாச்சி.

"இடி நிக்கட்டும், சார். இடி நேரத்துல வயரைத் தொடுறதில்ல."

"பத்தரைக்கு ராகு காலம். ராகு காலத்துல முதல் மணி அடிச்ச ஆபீஸ்ல எந்தக் கல்யாணம் கூடி வரும்?"

அவள் பையை இழுத்து மூடினாள்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஆவுடை, நீதான் ரெண்டு நாளா பார்த்துக்கிட்டு இருந்தியே. போய் லைனைச் சேர்த்துட்டு வா. இல்லேன்னா தாரணிக்குச் சொல்லி விடுதேன்."

மணி பத்து ஐந்து. நான் தெளித்த தண்ணீர். நான் செய்த தாமதம். நாற்காலி கண்ணெதிரே போகிறது.

ஜெசிந்தாவிடம் கேட்டேன். "நான் என்ன செய்யட்டும், பிள்ள?"

"கையை நீட்டுங்க."

நீட்டினேன்.

தாம்பாளத்தை எடுத்து, என் இரண்டு உள்ளங்கையிலும் பொரியைக் குவித்தாள். சிந்திவிடும் அளவுக்குக் குவித்தாள். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"போ, ஆவுடை" என்றார் அண்ணாச்சி.

கையைப் பார்த்தேன்.

"பிரசாதம், அண்ணாச்சி. கீழே போடக் கூடாதே."

அண்ணாச்சி பிள்ளையார் படத்தைப் பார்த்தார். பிரசாதத்தைக் கீழே போடு என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

"நானே போறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். பெட்டியின் மூடியைத் தொடக் கையைத் தூக்கினார்.

தெருவே வெள்ளையாகிவிட்டது. அடுத்த நொடி ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. எதிர்வீட்டுத் தென்னையின் உச்சியில் புகை. எங்கள் விளக்கு கண் சிமிட்டி அணைந்தது.

அண்ணாச்சி உள்ளே வந்தார். மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் போடும்மா."

மழை விடும்வரை மூன்று பேரும் பொரி தின்றோம். கடலை முழுவதையும் ஜெசிந்தாவே பொறுக்கித் தின்றுவிட்டாள்.

*

இடி ஓய்ந்து, கரண்ட் வந்து, அவள் லைனைச் சேர்த்தபோது மணி பத்து ஐம்பது. நல்ல ராகு காலம்.

அவள் கையை எடுப்பதற்குள் முதல் லைன் அடித்தது. இரண்டாவது அடித்தது. மூன்றும் நாலும் சேர்ந்துகொண்டன. தாரணி அங்கே இல்லை. நான்தான் இருந்தேன். முந்தானையைச் சுற்ற நேரம் இல்லை.

"வணக்கம், சொல்லுங்க. கொஞ்சம் காத்திருங்க. வணக்கம்."

மூன்றாவது லைனில் சங்கரன்கோவில் மாப்பிள்ளை வீட்டார். "காலையிலேருந்து அடிக்கோம். எடுக்க மாட்டேங்குதியளே. பொண்ணை எங்க எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

நாலு வருடமாக யாரும் கேட்காத ஃபைலில் இருந்த பெண். நான் சொன்னதும் அண்ணாச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். என் நாற்காலியை.

கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் கடிகாரம் முக்கால் மணி நேரம் ஃபாஸ்ட்" என்றார்.

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் பை தோளிலிருந்து நழுவியது.

*

அடுத்த வாரமும் இடி. ஜெசிந்தா இல்லை. நடு மத்தியானம், இரண்டாவது லைன் அடித்தது.

"எடு, ஆவுடை" என்றார் அண்ணாச்சி.

நான் மேசை இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தேன்.

"கையை நீட்டுங்க, அண்ணாச்சி."

அவர் கை நிறையப் பொரியைக் கொட்டினேன். மீதியை நானே இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது.