கோழிப் பெட்டிக்கு ஒரு சாக்கு

"எம்பொஞ்சாதி போயி ஒரு வருசமாகப் போகுது, தாயி. இன்னும் எனக்கு அழுகையே வரல. நெஞ்சுல என்னமோ அடைச்சுக் கெடக்கு. ஏதாச்சும் வழி சொல்லுங்க."

கேட்டவர் சோலைமலை. ஜெயில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பதில் சொல்ல வேண்டியவர் வள்ளியம்மை. அந்த மலையடிவார ஆசிரமத்தின் குரு. சோலைமலையின் மகள் வயதுதான் இருக்கும்.

"கோழிகளைப் பாத்துக்கங்கய்யா," என்றார் குரு.

சோலைமலைக்குச் சுருக்கென்றது. துக்கம் தீர வந்தவனுக்குக் கோழி மேய்க்கிற வேலையா? ஆனாலும் கோழிக் கொட்டிலுக்குப் போனார்.

முட்டையிடுவதற்கென்று அங்கே மரப்பெட்டிகள் இருந்தன. உள்ளே வைக்கோலும் போட்டிருந்தது. கோழிகள் அவற்றைச் சீந்தவில்லை. வேலியோரப் புதருக்குள் போய் முட்டையிட்டன. கீரிப்பிள்ளைக்குத் தினமும் விருந்து.

சோலைமலை தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பெட்டிகளுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். கோழி உள்ளே போனால் குனிந்து எட்டிப் பார்த்தார். வெளியே வந்தால் பிடித்து மறுபடி உள்ளே விட்டார். கோழிகளுக்கு ரிமாண்டுதான்.

ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை.

"மதிக்கவே மாட்டேங்குதுக, தாயி. நான் எப்பேர்ப்பட்ட ரௌடிப் பயலுகளை அடக்குனவன்!"

குரு வந்து அந்த முக்காலியில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு பழைய சாக்கு ஒன்றைக் கிழித்து, கோழி நுழைய மட்டும் இடம்விட்டு, பெட்டி வாயில் தொங்கவிட்டு ஆணி அடித்தார்.

"வாங்கய்யா, அடுப்படிப் பக்கம் போவோம்."

"அப்ப காவலு?"

"வேணாம்."

இருவரும் மொச்சை உரித்தார்கள். சோலைமலையின் கழுத்து நிமிடத்துக்கொரு தரம் கோழிப் பக்கம் திரும்பியது.

"பாக்காதீங்க," என்றார் குரு. "உங்க சம்சாரம் போனன்னைக்கு வீட்டுல யாரு இருந்தா?"

"ஊரே இருந்துச்சு. காரியம் முடியிற மட்டும் ஆள் மாத்தி ஆள் உக்காந்திருந்தாங்க. எம்மவன் என்னயத் தனியா விடவே இல்ல. 'அழுதுருங்கப்பா, அழுதுருங்கப்பா'ன்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். இங்கயும் சாப்பிட உக்காந்தா எல்லாரும் என்னயத்தான்..."

கோழி கொக்கரித்தது.

சோலைமலை எழுந்து ஓடினார். சாக்கை விலக்கினார். வைக்கோலில் ஒரு முட்டை. கையில் எடுத்தார். சூடாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

திரும்பிப் பார்த்தால் குருவைக் காணோம்.

ஆசிரமத்தில் எந்த அறைக்கும் கதவு கிடையாது. சோலைமலையின் அறை வாசலில் நின்று குரு இன்னொரு சாக்கை ஆணியடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்கய்யா."

"எதுக்கு, தாயி?"

முற்றத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு குரு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்துத் தோட்டம் வரைக்கும் ஓர் அழுகை கேட்டது. களை பறித்துக்கொண்டிருந்த ஒருவர் பதறி எழுந்தார். குரு அவர் கையில் களைக்கொத்தைக் கொடுத்து உட்கார வைத்தார்.

சாயங்காலம் சோலைமலை சாக்கை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"பசிக்குது, தாயி," என்றார்.