பத்து பவுண்டு காற்று

"காத்து எங்கியோ போகுதுங்க, அம்மிணி" என்றார் சென்னியப்பன். "எந்த வழியாப் போகுதுன்னுதான் தெரியலீங்க."

அமலோற்பவம் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த அலுமினியக் குழாயின் விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வெச்சீங்க?"

"பத்து பவுண்டு பிரஷருங்க."

"எத்தனைல நிக்குது?"

"ஆறுல. தினமும் ஆறுலதானுங்க. அதுக்குக் கீழ எறங்கறதும் இல்லை."

"சோப்புத் தண்ணி?"

"எல்லா ஜாயின்ட்லயும் அடிச்சுப் பாத்தாச்சு. ஒரு குமிழி வரலீங்க."

"மறுபடியும் பாருங்க."

ஆறு நாளாக இதே கேள்வி, இதே பதில்.

ஒண்டிப்புதூர் தாண்டித் தகரக் கூரை போட்ட ஷெட் அது. ரேஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வழி தெரியும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சூப்பர்சார்ஜரை, அது இல்லாமல் வந்த வண்டியிலும் உட்கார வைத்துவிடுவாள் அமலோற்பவம். அழுத்தினால் காற்று சூடேறும். அந்தச் சூட்டை இன்டர்கூலர் வழியாக விட்டு ஆற்றி, பிறகுதான் எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். ஆற்றாமல் கொடுத்தால் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே உடைந்து சாகும்.

சென்னியப்பனுக்கு அப்படி இரண்டு எஞ்சின் செத்திருந்தது. இரண்டும் வேறு ஆட்கள் செய்த வேலை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் ரேஸ் ஓட்டியவர். அவள் அவரைவிடப் பதினான்கு வயது சின்னவள்.

முதல் நாள் அவர் வந்தபோது அவள் வண்டியைத்தான் பார்த்தாள். வெள்ளை நிறம், இரண்டே இருக்கை, தரையோடு படுத்திருக்கிற வண்டி. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"நான் பண்ணித் தர மாட்டனுங்க. உங்க கையால பண்ணறதுன்னா சொல்லித் தர்றேன்."

"எனக்கு வெல்டிங் வராதுங்களே."

"வரும்."

அப்படித்தான் அவர் அங்கே தங்கிப்போனார். காலையில் வந்து சாயங்காலம் போவார். மற்றவர்களுக்கெல்லாம் அவளே செய்துகொடுக்கிறாள் என்பது பத்து நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றார்கள். அவள் ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை.

ஒரு நாள், அப்போதுதான் ஓட்டி நிறுத்திய வேறொருவர் வண்டியின் சூப்பர்சார்ஜர் பெல்ட்டைக் காட்டிக் கேட்டார். "பெல்ட் நேரா ஓடுதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

அவள் அவர் கையிலிருந்த அளவுகோலை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"கண்ணை மூடிட்டு விரலை வைங்க. எந்தப் பக்கம் சுடுதோ அந்தப் பக்கம் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

அவர் விரலை வைத்தார். சுட்டது. அன்று முழுக்க அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஷெட்டின் கோடியில் தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி நின்றது. ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தரையில் அழுந்தியும் கிடந்தது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். மெல்லிய ஊளை. கீழே தொடங்கி மேலே ஏறி, ஏறின இடத்தில் பட்டென்று நின்றுவிடும். இலை அசையாத நாளிலும் வந்தது.

"அந்த வண்டியில ஏதோ ஓடுதுங்களா?"

"அதுல எஞ்சினே இல்லைங்க."

"சத்தம் வருதுங்களே."

அவள் வெல்டிங் மெஷினை நிறுத்தினாள். முகமூடியைத் தூக்கிவிட்டுக் காது கொடுத்தாள். ஷெட் நிசப்தமாக இருந்தது. அவருக்கு மட்டும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"எனக்குக் கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது யாருடைய வண்டி என்று அவருக்குத் தெரியும்.

பெலிக்ஸின் வண்டி. பெலிக்ஸ், அமலோற்பவத்தின் புருஷன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸில், கடைசி வளைவை நோக்கி இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போயின. உள்பக்கம் பெலிக்ஸ். வெளிப்பக்கம் சென்னியப்பன். யாராவது ஒருவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்க வேண்டும். வெளியில் இருந்த சென்னியப்பன் எடுக்கவில்லை. வளைவில் அவர் உள்ளே வெட்டினார். அவர் வண்டியின் விலா பெலிக்ஸ் வண்டியின் மூக்கில் இடித்தது. அவருடைய வண்டி தாண்டிப் போய்விட்டது. பெலிக்ஸின் வண்டி சுவருக்குப் போனது.

விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாகக் கேட்டார்கள். கால் எடுக்க உங்களுக்கு இடம் இருந்ததா?

இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடக்கத்துக்கு அவர் போகவில்லை. அடுத்த மாதமே சிவப்பாக இருந்த தன் வண்டிக்கு வெள்ளை அடித்தார். அமலோற்பவம் தன்னைப் பார்த்ததே இல்லை என்று நம்பினார். பிறகு ஏன் அவளைத் தேடி வந்தார்? நல்ல வேலைக்காரி என்று வீட்டில் சொன்னார். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார்.

குழாயெல்லாம் முடிந்த அன்று கேட்டார். "இன்டர்கூலர் எதுங்க வாங்கறது?"

அவள் எழுந்து ஷெட்டின் கோடிக்குப் போனாள். தார்ப்பாயைத் தூக்கி, குனிந்து, வெகுநேரம் எதையோ கழற்றினாள். திரும்பி வரும்போது குழந்தையை ஏந்துவதுபோல ஓர் இன்டர்கூலரை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"இதை வைங்க."

"இது…"

"என் வீட்டுக்காரரோடது. அவரே கையால பண்ணுனது."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெயில் ஏறிய நேரம். தகரத்துக்குக் கீழே இருந்த எல்லாம் சுட்டது. அது மட்டும் சில்லென்று இருந்தது.

அதைக் குழாயோடு பொருத்திக் காற்று ஏற்றிய அன்று முதல்தான் பிரஷர் கேஜின் முள் ஆறுக்கு இறங்கியது.

ஏழாவது நாள் அவர் அதே புகாரைச் சொன்னார். அவள் அரத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க கழட்டாத எடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் யோசித்தார். இன்டர்கூலரின் ஒரு பக்கத்தில், வண்டியோடு பிணைக்கிற புதுத் தகடு ஒன்று நாலு போல்ட்டில் ஒட்டியிருந்தது. அதோடுதான் அது அவர் கைக்கு வந்தது. அதை அவர் தொடவே இல்லை.

கழற்றினார். கம்ப்ரசரைப் போட்டு மறுபடி பத்து பவுண்டு ஏற்றினார். குனிந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

கன்னத்தில் மூச்சு பட்டது.

ஒருவன் நெருங்கி வந்து காதில் ஏதோ சொல்ல வாய் திறந்ததுபோல இருந்தது. அவர் நகரவில்லை. மூச்சு மெலிந்தது, இழுத்தது, ஒரு விசில்போல ஒலித்தது. முள் ஆறைத் தொட்டதும் வாய் மூடிக்கொண்டது.

மயிரிழை அகலத்தில் ஒரு விரிசல். அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்தால் மூடுகிற விரிசல். அதன் நீளத்துக்கும் உலோகத்துக்குள் நசுங்கி ஏறியிருந்தது சிவப்புப் பெயின்ட்.

கடையில் கிடைக்கிற சிவப்பு அல்ல. கொஞ்சம் ஊதா கலந்து, அவரே பக்கத்தில் நின்று சொல்லி அடிக்க வைத்த சிவப்பு. அந்த நிறத்தில் வேறு வண்டி இந்த ஊரில் கிடையாது என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டிருக்கிறார்.

"இது என் வண்டிப் பெயின்ட்டுங்க" என்றார். "நான்தானுங்க அது."

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"வந்த அன்னைக்கே. வெள்ளை அடிச்சாலும் வண்டி அதேதானுங்களே. கேட்டுக்கு வெளிய பத்து நிமிஷம் நின்னுட்டு இருந்தீங்க. வேலை குடுக்க வர்றவங்க ஹாரன் அடிச்சுட்டு நேரா உள்ள வருவாங்க."

அவர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை மன்னிச்…"

அவள் அரத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பெயின்ட் மேல வெல்டு பிடிக்காதுங்க. சுரண்டுங்க."

சுரண்டினார். சிவப்புத் தூள் மடியில் விழுந்தது. நகக்கண்ணில் ஏறியது. போதும் என்று அவர் நிமிரும்போதெல்லாம் அவள் வந்து பார்த்தாள்.

"இன்னும் இருக்குது."

சாயங்காலம் உலோகம் வெறும் வெள்ளையாக மின்னியது. அப்போதுதான் வெல்டிங் டார்ச்சைக் கொடுத்தாள். இரண்டு முறை ஓட்டையாக்கி, மூன்றாம் முறை மூடினார்.

மறுநாள் பத்து பவுண்டு ஏற்றினார். மத்தியானம் வரை முள் பத்திலேயே நின்றது.

எல்லாவற்றையும் வண்டியில் பூட்டி, முதல் முறையாக எஞ்சினைக் கிளப்பினார். சூப்பர்சார்ஜர் சுழன்றது. கீழே தொடங்கி மேலே ஏறும் ஊளை. இத்தனை நாள் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அவருக்குக் கேட்ட அதே சத்தம்.

அமலோற்பவம் மெதுவாகத் திரும்பி ஷெட்டின் கோடியைப் பார்த்தாள்.

"இப்ப எனக்கும் கேக்குதுங்க" என்றாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரேஸ் டிராக்கில் யாரும் இல்லை. கேட்டைத் திறந்துவிட்ட காவல்காரரும் நிழலைத் தேடிப் போய்விட்டார். அமலோற்பவம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"நீங்க வர வேண்டாமுங்க, அம்மிணி."

அவள் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள்.

"அன்னைக்கு எந்த எடத்துல கால் எடுத்திருக்கலாமோ, அந்த எடத்துல எடுங்க. பேச வேண்டாம். கால் மட்டும் எடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வண்டி பாய்ந்தது. இப்படி ஒரு வேகத்தை அந்த வண்டி அவருக்குக் கொடுத்ததே இல்லை. ஊளை ஏறிக்கொண்டே போனது. சூட்டு முள் அசையவில்லை. கடைசி நேர்ச்சாலை வந்தது. தூரத்தில் வளைவு, அதன் பின்னால் சுவர்.

வளைவுக்குப் பக்கத்தில் போய் எடுத்தால் போதும். இவளுக்கு எப்படித் தெரியும்? இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்?

கால் கனத்தது. எடுத்தார்.

ஊளை இறங்கியது. வண்டி தானாக உருண்டு உருண்டு நின்றது. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வளைவு இன்னும் எட்டத்தில் இருந்தது.

அவள் இறங்கினாள். கால் எடுத்த இடத்துக்குப் பின்னோக்கி நடந்து போனாள். அங்கிருந்து திரும்பி வளைவை நோக்கி நடக்கத் தொடங்கினாள். வண்டியைத் தாண்டிப் போகும்போது அவரைப் பார்க்கவில்லை. நடந்தாள். சின்னவளாகிக்கொண்டே போனாள். தார்ச்சாலையின் கானலில் கால்கள் கரைந்து இடுப்புக்கு மேல் மட்டும் மிதப்பதுபோல் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அங்கே இரண்டு பேர் நடப்பதுபோல அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அவள் மட்டும் சுவர்முன் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"இத்தனை எடம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

மூன்று வருடத்தில் முதல் முறையாக அதைச் சொன்னார். அவள் அடிப்பாள் என்று காத்திருந்தார். அழுவாள் என்று காத்திருந்தார். அவள் கதவைச் சாத்தி பெல்ட்டைப் பூட்டினாள்.

"இன்னொரு சுத்து போங்க."

போனார். அதே இடத்தில் காலைத் தூக்கினார்.

"இன்னொரு சுத்து."

ஆறாவது சுற்றில் அவருக்குக் கண் மறைத்தது. ஒன்பதாவது சுற்றில் ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துவிட்டார்.

"இன்னும் எத்தனை சுத்துங்க, அம்மிணி?"

"யோசிக்காம கால் எடுக்கற வரைக்கும்."