வேலை இல்லாத நாளில் வலிக்கும் முதுகு

குலசேகரத்துக்குப் பக்கத்தில் வர்ம வைத்தியம் பார்த்துவந்தார் லீலாபாய். வயது நாற்பது. அவரிடம் வைத்தியம் கற்க வந்த தாசையனுக்கு அறுபத்திரண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டார். லீலாபாயை அவர் ஆசான் என்பார். லீலாபாய் அவரை அண்ணன் என்பார்.

ஆனி மாத மழையில் மரியசெல்வம் என்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெட்டு நடக்கும் மாதங்களில் தினமும் முந்நூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்கிறவர். இந்த வேலைதான் முதுகைக் கெடுத்தது, விட்டுவிட்டுக் காவல் வேலைக்குப் போகப்போகிறேன் என்றார். அதில் பாதிச் சம்பளம்கூட வராது என்றும் சொன்னார்.

தாசையன் பத்து நாள் எண்ணெய் தடவினார், ஒத்தடம் கொடுத்தார். தடவும்போது இறங்கிய வலி மறுநாளே திரும்பிவந்தது.

"இவருக்கு வலி எதனால ஆசானே?"

"எப்பம் வலிக்கும்னு கேட்டீங்களா அண்ணன்?"

கேட்கவில்லை. போய்க் கேட்டார். மழை மாதங்களில் வலிக்கும் என்றார் மரியசெல்வம். ஈரக்காற்றுதான் காரணம் என்று தாசையன் சந்தோஷமாகத் திரும்பினார்.

"வேற மாசத்துல?" என்றார் ஆசான்.

மறுபடி போனார். மாசியிலும் வலிக்குமாம். மாசியில் ஈரம் ஏது? ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் காலம் அது. மழையிலும் வலி, வெயிலிலும் வலி. முந்நூறு மரம் வெட்டும் மாதங்களில் மட்டும் வலி இல்லை. தாசையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் ஆசான் மரியசெல்வத்தைக் குப்புறப் படுக்கச் சொன்னார். தாசையனின் கையை எடுத்து அந்த முதுகில் வைத்தார்.

"அழுத்தாதீங்க. சும்மா வச்சிருங்க."

பிறகு மரியசெல்வத்திடம் பேச்சுக் கொடுத்தார். மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். நர்சிங், இரண்டாம் வருடம் என்றார் அவர். வீட்டில் எல்லோருக்கும் இப்போதே அவள்தான் டாக்டர் என்று சொல்லிச் சிரித்தார். தாசையனின் கைக்கடியில் முதுகு மெத்தென்று இருந்தது.

"மழையில வெட்டு நின்னு எத்தனை நாளாச்சு?"

"இருபத்திமூணு நாள்."

"மகளுக்கு எப்பம் பீஸ் கட்டணும்?"

முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் தசை முறுக்கி எழுந்து தாசையனின் விரல்களைத் தள்ளியது. அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். பிறகு மறுபடி வைத்துப் பார்த்தார். முறுக்கு அப்படியே இருந்தது.

மரியசெல்வம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் தாசையன் மெதுவாகச் சொன்னார்:

"மாசியில இலை உதிரும்போதும் வெட்டு கிடையாது. கூலியும் கிடையாது."

ஆசான் தலையசைத்தார்.

"அப்போ அந்த வலி பொய்யா?"

"உங்க கையைத் தள்ளினது பொய்யா?"

தாசையன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு எந்த எண்ணெய் ஆசானே?"

ஆசான் கையைக் கழுவித் துடைத்தார்.

"நம்ம மூலிகைத் தோட்டத்துல மழை முடியற வரைக்கும் களை எடுக்க ஆள் வேணும். வாரக் கூலி. நாளையிலேர்ந்து அவரை வரச் சொல்லுங்க. வெட்டு வேலையை விடவேண்டாம்னும் சொல்லுங்க."

"களை எடுக்கவா? நாள் முழுக்கக் குனிஞ்சா அந்த முதுகு தாங்குமா?"

"அந்த முதுகுக்குத்தான் சொல்றேன்."