மேட்டைக் காட்டிய நண்டு

அந்தக் காலத்தில் நண்டுக்கு இரண்டு கொடுக்கும் ஒரே அளவுதான். மனிதரும் விலங்கும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த காலம் அது. அமெரிக்காவின் தெற்குக் கரையோரத்தில், பெரிய ஆறு ஒன்று கடலில் விழும் இடத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் கோரையுமாக ஒரு சதுப்பு கிடந்தது. அங்கே தொவா என்றொரு நண்டு இருந்தான்.

அந்தச் சதுப்பில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது. கடல் வற்றும்போது வளை தோண்டிக்கொள்ள வேண்டியது, ஏறும்போது விட்டுவிட வேண்டியது, அவ்வளவுதான் சட்டம். ஆற்றோரத்து மேடு ஒன்று மட்டும் தண்ணீர் தொடாமல் பைன் மரங்களோடு நின்றது. புயலில் கடல் பொங்கினால் மானும் முயலும் பாம்பும் ஆற்றங்கரை மக்களும் ஏறி நிற்க வேண்டுமே என்று அதை எல்லோருமாகக் காலியாக வைத்திருந்தார்கள். அன்று மட்டும் அங்கே யாரும் யாரையும் கடிக்கக் கூடாது.

ஒருநாள் கடலிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதன் தலைவர் வெதர்பி துரை முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, தொப்பியைக் கழற்றி, முதலில் கண்ணில் பட்ட தொவாவிடம் குனிந்து கேட்டார்.

“நண்டாரே, எங்க பிள்ளைங்க நனைஞ்சு நடுங்குறாங்க. தண்ணி வராத இடம் ஏதாவது உண்டா?”

அதுவரை யாரும் தொவாவிடம் தொப்பியைக் கழற்றிப் பேசியதில்லை. தலைகால் புரியவில்லை அவனுக்கு. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்கை நீட்டி மேட்டைக் காட்டினான். அதோடு விட்டானா? முன்னால் நடந்து வழியும் காட்டினான், பக்கவாட்டில்தான், ஆனால் பெருமையாக.

ஆற்றங்கரை மக்களின் தலைவி ஹனூலி மேலாற்றில் மீன் பிடித்துவிட்டுத் திரும்பினாள். கரைச் சேற்றில் நின்ற தொவாவின் அருகே படகை நிறுத்தி, மேட்டை அண்ணாந்து பார்த்தாள்.

“மேட்டுல யாரு தம்பி புகை போடுறது?”

“விருந்தாளிங்க அக்கா. தண்ணி ஏறினா கிளம்பிடுவாங்க. எல்லாரும் அப்படித்தானே?”

ஹனூலி துடுப்பை மடியில் வைத்தாள். “மேட்டுக்குத் தண்ணி ஏறாதே தம்பி.”

அப்போதுதான் தொவாவுக்கு உறைத்தது. தண்ணீர் வந்தால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நம்பியே வளர்ந்தவன், தண்ணீரே வராத இடத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தான். மேட்டுக்கு ஓடினான்.

பைன் மரங்கள் வெட்டுண்டு கிடந்தன. தரையெங்கும் முளை அடித்து, கயிறு கட்டி, இது தெரு, இது சந்தை, இது துரை வீடு என்று பிரித்திருந்தார்கள். சுற்றிலும் வேலி எழும்பிக்கொண்டிருந்தது.

“துரை, இது எல்லாருக்கும் பொதுவான இடம். புயல் வந்தா நாங்க எங்க போவோம்?”

“நீதானே காட்டினே?” என்றார் வெதர்பி. இப்போது தொப்பி தலையிலேயே இருந்தது. “எங்க ராஜா பேரையே ஊருக்கு வெச்சாச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் போ.”

அந்த வருஷமே புயல் வந்தது. கடல் சதுப்பை விழுங்கிக்கொண்டு மேட்டடிக்கு வந்தது. ஆற்றங்கரை மக்கள் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேலியைத் தட்டினார்கள். கழுத்தளவு தண்ணீரில் மான் நின்றது. முயலின் இரண்டு குட்டிகளும் அதன் கண் முன்னாலேயே அடித்துக்கொண்டு போயின. வேலிக் கதவு திறக்கவில்லை. உள்ளே துரையின் ஆட்கள், தங்களைக் காப்பாற்றிய கடவுளுக்கு நன்றி சொல்லிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாவிகள்!

தொவா வேலிக்கடியில் வளை தோண்டி உள்ளே புகுந்தான். மூலையில் இருந்தது முதல் முளை. வேலியே அதில்தான் கட்டியிருந்தது. வலது கொடுக்கால் அதைக் கவ்வி இழுத்தான்.

வெதர்பி முளை அடிக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியோடு ஓடி வந்தார். “விடுறியா இல்லையா?”

“நீ மேட்டை விடு. அப்புறம் நான் விடுறேன்.”

கொட்டாப்புளி இறங்கியது. இடது கொடுக்கு நசுங்கிச் சுண்டு விரல் அளவாயிற்று. வலது கொடுக்கு விடவில்லை. அடி விழ விழ, உடம்பில் இருந்த கோபமெல்லாம் அதில் இறங்கி, அது வீங்கி வீங்கி அவன் உடம்பைவிடப் பெரிதாயிற்று. கடைசியில் முளையைப் பிடுங்கியே விட்டான். வேலி சாய்ந்தது. மானும் ஹனூலியும் உள்ளே கால் வைப்பதற்குள் துரையின் ஆட்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வெதர்பி இன்னொரு முளையை எடுத்து அதே குழியில் அடித்தார். தொவாவைத் தண்ணீரில் உதைத்துத் தள்ளினார்.

கடல் வற்றியபோது ஆற்றங்கரை மக்களில் பாதிப் பேர் இல்லை. மிச்சப் பேரோடு ஹனூலி மேலாற்றுக்குக் கிளம்பினாள்.

“இனிமே யாருக்கும் வழி காட்டாதே தம்பி.”

“காட்ட மாட்டேன் அக்கா. போங்கடான்னு சொல்லத்தான் இனிமே கொடுக்கைத் தூக்குவேன்.”

அந்தச் சதுப்பு நண்டுகளில் ஆண்களுக்கு ஒரு கொடுக்கு சிறுத்தும் ஒன்று பருத்தும் போனது அன்றைக்குத்தான். பெண் நண்டுகளுக்கு இரண்டும் சிறிதாகவே இருக்கின்றன. மேட்டைக் காட்டியது அவர்கள் இல்லையே. கடல் வற்றும் ஒவ்வொரு முறையும் தொவாவின் பிள்ளைகள் சேற்றில் வரிசையாக நின்று, மேட்டைப் பார்த்துப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி, “போ, போ” என்கின்றன. ஊரோ போகவில்லை. வருஷா வருஷம் ஊர் பிறந்த நாளுக்குக் கொடி கட்டி, மேளம் அடித்து, பிள்ளைகளைக் கரைக்கு அழைத்து வருகிறார்கள். “அதோ பாரு, நம்மளை வா வான்னு கூப்பிடுது!” என்று சொல்லிக் கொடுத்து, பதிலுக்குக் கையும் ஆட்டுகிறார்கள்.