திரையில் இல்லாத படகு

தெற்குக் கடலோர ஊர் ஒன்றில் கொரற்றி என்றொரு ஆசிரியை இருந்தாள். வயது முப்பத்து மூன்று. ஐஸ் கம்பெனி மாடியில் ஒரு நீள அறை. அங்கே கணினிக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தாள்.

மாணவர்களில் மூத்தவர் தெய்வசிகாமணி. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடக் கால் நூற்றாண்டு இளையவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

அவருக்கு எப்போதும் ஒரே கேள்வி.

“இருக்கிற மொழிகள்லயே எது நல்ல மொழி டீச்சர்? ஜாவாஸ்கிரிப்டா, ரஸ்ட்டா, பழைய சி-யா?”

“முதல்ல எழுதுங்க அண்ணாச்சி.”

எழுதினார். ஊர்ப் பெண்களுக்காக ஒரு போன் செயலி. ஒவ்வொரு படகிலும் இருந்த சிறு கருவி, தான் இருக்கும் இடத்தை நகரத்திலுள்ள சர்வர் கணினிக்கு அனுப்பும். செயலி நிமிடத்துக்கொரு முறை சர்வரைக் கேட்டு, நீலத் திரையில் படகுகளைப் புள்ளிகளாகக் காட்டும். மீன் கழுவும்போதும் பிள்ளைக்குச் சோறூட்டும்போதும் பெண்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். புள்ளி நகர்வது கண்ணுக்குத் தெரியாது. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கும்.

மார்கழியில் ஒரு காலை, எது கடல் எது கரை என்று தெரியாமல் பனி மூடியது. அன்று பார்த்து சர்வர் பதில் தரவில்லை. தகவல் எதுவும் வராததால் செயலி எல்லாப் புள்ளிகளையும் துடைத்துவிட்டு, தெய்வசிகாமணி எழுதிவைத்திருந்த இரண்டு சொற்களைக் காட்டியது: “படகு இல்லை.”

கடலுக்குப் போயிருந்த லியோனின் மனைவி அமலோற்பவம் அதைப் படித்தாள். போனை மெதுவாக மணலில் வைத்தாள். தூக்கத்தில் நடப்பவள்போலப் பனிக்குள் நடந்து கடலில் இறங்கினாள். கழுத்தளவுத் தண்ணீரில் பிடித்து இழுத்து வந்தார்கள்.

மதியம் பனி விலகியதும் எல்லாப் படகுகளும் வந்துவிட்டன. லியோன் கூடை நிறையச் சாளை மீனோடு இறங்கி, “ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?” என்று கேட்டான்.

தெய்வசிகாமணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போதே ஐஸ் கம்பெனி மாடி ஏறினார்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற மொழியில எழுதுறேன் டீச்சர். எந்தக் காலத்துலயும் தப்பு வராத மொழியாச் சொல்லுங்க.”

“உங்க நிரல்ல கோளாறே இல்லையே அண்ணாச்சி. நீங்க எழுதினதை அப்படியே செஞ்சுது.”

அவர் தலை குனிந்தார்.

“வாங்க” என்று எழுந்தாள்.

கரையில் அன்றும் பனி. அலைச் சத்தம் கேட்டது, அலை தெரியவில்லை. மணலில் நடக்கிறோமா மேகத்தில் நடக்கிறோமா என்றிருந்தது அவருக்கு. நீர் விளிம்பில் அமலோற்பவம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். இரவு மறுபடி கடலுக்குப் போன லியோன் இன்னும் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

“லியோனைக் கூப்பிடுங்க” என்றாள் கொரற்றி.

“நானா?”

“நீங்கதான்.”

கைகளை வாயருகே குவித்துக் கத்தினார். குரல் பஞ்சுக்குள் போனதுபோல் போனது. திரும்பி வரவில்லை.

“என்ன அண்ணாச்சி?”

“பதில் இல்ல டீச்சர்.”

“சரி. லியோன் இல்லைன்னு இந்த அக்காகிட்டச் சொல்லிருங்க.”

அவர் பதறிப்போனார். “அதெப்படிச் சொல்றது? காதுல விழுந்திருக்காது. காத்து மாறி அடிச்சிருக்கும். கூப்பிட்டவன் சத்தம் பத்தலைன்னா அதுக்கு அவன் என்ன…”

பாதியில் நின்றுவிட்டார்.

அமலோற்பவம் அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை.

“தெரியலைன்னா தெரியலைன்னு போட்டிருக்கலாமே அண்ணாச்சி. அது எங்களுக்குப் பழக்கந்தான். காத்துக்கிட்டு நிப்போம்.”

அவர் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தார்.

“கடைசியாப் பார்த்த புள்ளியைத் துடைக்க மாட்டேன்” என்றார் பிறகு. “எத்தனை மணிக்குப் பார்த்ததுன்னு பக்கத்துல காட்டுறேன். இப்போ பதில் வரலைங்கிறதையும் சொல்லிடுறேன்.”

“செய்ங்க.”

“மொழி?”

“உங்களுக்குக் கை வந்தது எதுவோ அது.”

எழுந்து மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை, அவர் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து இல்லாமல், இடப்பக்கம் எங்கிருந்தோ நீளமாக ஒரு கூவல் வந்தது. அமலோற்பவம் அந்தப் பக்கம் ஓடினாள். பனி அவளை மூடிக்கொண்டது. யாரையோ திட்டுவதும் சிரிப்பதும் மட்டும் கேட்டது.

தெய்வசிகாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“டீச்சர், பதில் வராமலே போயிருந்தா? எத்தனை நேரம் கழிச்சுப் படகு இல்லைன்னு சொல்லலாம்?”

கொரற்றி சிரிப்பு வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வார்த்தையைச் சொல்ல நாம யாரு அண்ணாச்சி?”